பிரிமியர் லீக்கா, பக்கத்துத் திடலா? இங்கிலாந்தின் 'நான்-லீக்' காற்பந்தைத் தெரிந்துகொள்வோம்

சனிக்கிழமை இரவு 10 மணி. குளிர்காலம் என்றால் 11 மணி. சிங்கப்பூரில் பல வீடுகளிலும் காப்பிக் கடைகளிலும் பிரிமியர் லீக் ஆட்டம் தொடங்கிவிடும். சந்தா கட்டினால் போதும். ஒரு பருவத்தின் 380 ஆட்டங்களையும் இங்கே நேரலையாகப் பார்க்கலாம்.

அதே நேரம் இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணி. அங்கே இருப்பவர்களால் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்க்க முடியாது!

ஆச்சரியமா இருக்கா? சனிக்கிழமை பிற்பகல் 2.45 மணியிலிருந்து 5.15 மணிவரை பிரிட்டனில் பொதுவாகக் காற்பந்து ஆட்டங்களை நேரலையாக ஒளிபரப்பக்கூடாது. 1960களில் தொடங்கிய ஏற்பாடு அது. பெரிய கிளப்புகளின் ஆட்டத்தை வீட்டிலேயே பார்க்கலாம் என்றால், சிறிய கிளப்புகளின் திடலுக்கு யார் போவார்கள்? அந்தக் கவலைதான் காரணம்.

அப்போ அந்தச் சிறிய கிளப்புகள் எவை? அவற்றுக்கு ரசிகராக இருப்பதும் பிரிமியர் லீக்கைப் பார்ப்பதும் ஒன்றா? பார்க்கலாம்.

'நான்-லீக்' என்றால் என்ன?

இங்கிலாந்துக் காற்பந்தில் பல நிலைகள் உண்டு. மேலிருந்து கீழே இப்படி எண்ணலாம்:

• 1ஆம் நிலை: பிரிமியர் லீக். 20 கிளப்புகள்.
• 2, 3, 4ஆம் நிலைகள்: சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ. ஒவ்வொன்றிலும் 24 கிளப்புகள்.
• 5ஆம் நிலை: நேஷனல் லீக். 24 கிளப்புகள்.
• 6ஆம் நிலை: நேஷனல் லீக் நார்த், நேஷனல் லீக் சவுத்.
• 7ஆம் நிலையும் அதற்குக் கீழேயும்: வட்டார லீக்குகள். கீழே போகப் போக எண்ணிக்கை பெருகும், பயண தூரம் குறையும்.

முதல் நான்கு நிலைகளில் இருப்பவை மொத்தம் 92 கிளப்புகள். ஐந்தாம் நிலையும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 'நான்-லீக்'.

பெயர் கொஞ்சம் குழப்பும். அங்கேயும் லீக் இருக்கிறதே! 1888இல் தொடங்கிய 'ஃபுட்பால் லீக்' அமைப்பில் சேராதவை என்பதுதான் பொருள். தரமில்லாதவை என்று பொருள் இல்லை.

உலகின் ஆகப் பழைய காற்பந்து கிளப்பும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. 1857இல் தொடங்கிய ஷெஃபீல்டு எஃப்சி. லிவர்பூலுக்கும் ஆர்சனலுக்கும் முன்பே பிறந்தது. இன்றும் வட்டார லீக்கில்தான் ஆடுகிறது.

கீழே இருப்பவர்கள் மேலே போக முடியுமா?

முடியும். இங்கிலாந்துக் காற்பந்தின் அழகே அதுதான். ஆனால் அந்தக் கதவு திறந்து நீண்ட காலம் ஆகவில்லை.

1987 வரை 'ஃபுட்பால் லீக்'கில் சேர ஓட்டு வேண்டும். திடலில் வென்றால் மட்டும் போதாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் கிளப்புகள் வாக்களித்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டுதான் வெற்றியாளர் நேரடியாக மேலே போகலாம் என்ற விதி வந்தது. அப்படி முதலில் ஏறியது ஸ்கார்பரோ. அதற்கு இடம்விட்டுக் கீழே இறங்கியது லிங்கன் சிட்டி.

இப்போது நேஷனல் லீக்கிலிருந்து ஆண்டுக்கு 2 கிளப்புகள் மேலே போகின்றன. 24 கிளப்புகள், 46 ஆட்டங்கள், 2 இடங்கள். கடினம்தான்.

விளையாட்டாளர்களுக்கும் அதே கதவுதான். ஜேமி வார்டியை எல்லாருக்கும் தெரியும். 16 வயதில் ஷெஃபீல்டு வென்ஸ்டே அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. பிறகு ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்ற நான்-லீக் கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடினார். பகலில் தொழிற்சாலை வேலை. 2012இல் லெஸ்டர் சிட்டி அவரை ஃபிளீட்வுட் டவுனிடமிருந்து 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. நான்கு ஆண்டு கழித்து, 2016இல், லெஸ்டர் பிரிமியர் லீக் வெற்றியாளர்!

இரண்டு அனுபவங்களும் எப்படி வேறுபடும்?

டிக்கெட்: பிரிமியர் லீக் ஆட்டத்தை நேரில் பார்க்கப் பல நேரங்களில் 50 பவுண்டுக்கு மேல் வேண்டும். பெரிய கிளப் என்றால் முதலில் உறுப்பினர் கட்டணம் செலுத்த வேண்டும், அதன்பின் டிக்கெட் கிடைக்கிறதா என்று காத்திருக்க வேண்டும். வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் மட்டும் 2016 முதல் 30 பவுண்டைத் தாண்டக்கூடாது. நான்-லீக்கில் பெரும்பாலும் 10 முதல் 20 பவுண்ட். ஏறக்குறைய 17 முதல் 35 வெள்ளி. பல இடங்களில் அன்றைக்கே வாசலில் காசு கொடுத்து உள்ளே போகலாம்.

இடம்: 1989இல் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் ஏற்பட்ட நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் மாண்டனர். அதன்பிறகு உயர்மட்டக் கிளப்புகளின் அரங்குகள் முழுதும் இருக்கைகள் கொண்டவையாக மாறின. நின்று பார்க்கத் தனி இடம் ஒதுக்க 2022இல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. நான்-லீக்கில் பெரும்பாலோர் எப்போதும் நின்றுதான் பார்ப்பார்கள். பல திடல்களில் இடைவேளையின்போது ரசிகர்கள் நடந்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஏன்? தங்கள் குழு கோல் அடிக்கும் பக்கம் நிற்கத்தான்.

தூரம்: தொலைக்காட்சியில் பத்துக் கேமராக்கள், மறுஒளிபரப்பு, புள்ளிவிவரம், வர்ணனை. எல்லாம் தெளிவாகத் தெரியும். நான்-லீக்கில் ஒரே கோணம்தான். ஆனால் கோல்காப்பாளர் தற்காப்பு ஆட்டக்காரரைத் திட்டுவது காதில் விழும். பந்து வேலியைத் தாண்டினால் நீங்களே எடுத்துக் கொடுப்பீர்கள்.

ஆட்டத்தின் தரம்: இதில் போட்டியே இல்லை. பிரிமியர் லீக் உலகின் ஆகச் சிறந்தவர்கள் ஆடும் இடம். எட்டாம் நிலையில் ஆடுபவர் காலையில் வேறு வேலைக்குப் போய்விட்டு, வாரத்தில் இரண்டு மாலை பயிற்சி செய்பவராக இருக்கலாம். பாஸ் தவறும். சேறு இருக்கும். மழை பெய்தால் ஆட்டமே ரத்தாகும். அழகான காற்பந்து மட்டும் வேண்டும் என்றால் தொலைக்காட்சிதான் சரி. அதில் தப்பே இல்லை.

அப்படியென்றால் எதுக்குப் போறாங்க?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மென்செஸ்டர் யுனைட்டட்டின் ஓல்டு டிராஃபர்ட் அரங்கில் 74,000க்கும் மேற்பட்ட இருக்கைகள். நீங்கள் ஒரு வாரம் போகவில்லை என்றால் அந்த இருக்கையில் வேறொருவர் உட்காருவார். கிளப்புக்கு வித்தியாசம் தெரியாது.

400 பேர் வரும் ஒரு நான்-லீக் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மழை என்று 100 பேர் வரவில்லை. அன்றைய டிக்கெட் வருமானத்தில் கால்பங்கு போச்சு. தேநீர், பை, குலுக்கல் சீட்டு விற்பனையும் குறையும். வாசலில் டிக்கெட் கிழிப்பவர், புல் வெட்டுபவர், தேநீர் ஊற்றுபவர் பலரும் தொண்டூழியர்கள்தான். அடுத்த வாரம் உங்களைப் பார்த்தால் "போன வாரம் ஆளையே காணோமே?" என்று கேட்பார்கள்.

தொலைக்காட்சி ரசிகர்களும் பணம் கொடுக்கத்தானே செய்கிறோம் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். 2022இல் தொடங்கிய ஒப்பந்தச் சுற்றில், பிரிமியர் லீக்கின் வெளிநாட்டு ஒளிபரப்பு உரிமைகளின் மதிப்பு உள்நாட்டு மதிப்பை முதன்முறையாகத் தாண்டியது. சிங்கப்பூர், மலேசியா ரசிகர்கள் கட்டும் சந்தாவும் அதில் அடக்கம். பணம் போகிறது. ஆனால் அந்தப் பணத்தோடு நம் குரல் போவதில்லை.

அந்தக் குரல் எவ்வளவு முக்கியம் என்பதை மூன்று கிளப்புகளின் கதை காட்டும்.

ஊரைவிட்டுப் போன கிளப்: விம்பிள்டன்

விம்பிள்டன் 1977 வரை நான்-லீக் கிளப். 1986இல் முதல் நிலைக்கு வந்தது. 1988இல் லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தி எஃப்ஏ கிண்ணத்தை வென்றது.

பிறகு கிளப்பின் உரிமையாளர்கள் அதைச் சுமார் 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். சிங்கப்பூரின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைவரை சுமார் 50 கிலோமீட்டர்தான். அதைவிடத் தொலைவு! ரசிகர்கள் எதிர்த்தார்கள். 2002 மே மாதம் மூவர் குழு ஒன்று 2-1 என்ற கணக்கில் இடமாற்றத்துக்கு அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் புதிய கிளப் தொடங்குவது காற்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்தக் குழு சொன்னது.

ரசிகர்கள் கேட்கவில்லை. சில வாரங்களிலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் பிறந்தது. பொதுப் பூங்காவில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக் காட்டலாம் என்று அழைத்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பதாம் நிலையில் தொடங்கினார்கள். முதல் நட்புமுறை ஆட்டத்துக்கே 4,657 பேர் வந்தார்கள்.

2011இல் ஏஎஃப்சி விம்பிள்டன் 'ஃபுட்பால் லீக்'கில் நுழைந்தது. ஒன்பது பருவங்களில் ஐந்து நிலை உயர்வு. 2020இல் பிளாவ் லேனில் சொந்த அரங்கு. அது பழைய கிளப் ஆடிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கடனை எதிர்த்துப் பிறந்த கிளப்: எஃப்சி யுனைட்டட்

2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மென்செஸ்டர் யுனைட்டட்டை வாங்கியது. பெரும்பகுதி கடன் வாங்கி வாங்கியது. அந்தக் கடன் கிளப்பின் தலையிலேயே விழுந்தது. அதைப் பொறுக்காத ரசிகர்கள் சிலர் 'எஃப்சி யுனைட்டட் ஆஃப் மென்செஸ்டர்' என்ற கிளப்பைத் தொடங்கினார்கள்.

அங்கே ஒரு விதி. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. எவ்வளவு பணம் போட்டாலும் ஒரு வாக்குதான். ரசிகர்கள் பங்கு வாங்கித் திரட்டிய பணமும் சேர்ந்து 2015இல் 'பிராட்ஹர்ஸ்ட் பார்க்' என்ற சொந்த அரங்கைக் கட்டினார்கள். திறப்புவிழா ஆட்டத்துக்கு வந்த எதிரணி போர்ச்சுகலின் பென்ஃபிக்கா!

எஃப்சி யுனைட்டட் இன்னமும் நான்-லீக்கில்தான் இருக்கிறது. ஏஎஃப்சி விம்பிள்டன் மாதிரி மேலே போகவில்லை. ஆனால் கிளப் இருக்கிறது.

வெளியேற்றப்பட்ட கிளப்: பெரி

1885இல் தொடங்கிய பெரி, எஃப்ஏ கிண்ணத்தை இருமுறை வென்ற கிளப். 1894 முதல் லீக்கில் இருந்தது. 2019 ஆகஸ்ட் மாதம் பணப் பிரச்சினையால் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. 125 ஆண்டு உறவு ஒரே நாளில் முடிந்தது. கிக் லேன் அரங்கம் ஆட்டமின்றிக் கிடந்தது.

ரசிகர்கள் கீழ்நிலையில் புதிதாக ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். பழைய அரங்கையும் மீட்டார்கள். 2023இல் கிக் லேனில் மீண்டும் பெரியின் ஆட்டம். அப்போது அது ஒன்பதாம் நிலை. இருந்தாலும் ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்.

மூன்று கதைகளிலும் ஒன்று பொது. உரிமையாளர் கைவிட்டபோது கிளப்பைத் தாங்கிப் பிடித்தவர்கள் திடலுக்கு வருபவர்கள்.

பெரிய கிளப்புகளின் ரசிகர்களுக்கும் அந்தப் பாடம் எட்டியது. 2021 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஆறு பெரிய கிளப்புகள் 'ஐரோப்பிய சூப்பர் லீக்' தொடங்கப் போவதாக அறிவித்தன. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். மூன்றே நாளில் ஆறும் பின்வாங்கின. பெரியின் வீழ்ச்சியும் சூப்பர் லீக் குழப்பமும் சேர்ந்து ஒரு சட்டத்துக்கு வழிவிட்டன. 2025இல் பிரிட்டன் காற்பந்து நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. முதல் ஐந்து நிலைக் கிளப்புகளை மேற்பார்வையிடத் தனி அமைப்பு ஒன்று வந்திருக்கிறது.

இரண்டு உலகமும் சந்திக்கும் இடம் உண்டா?

உண்டு. எஃப்ஏ கிண்ணம். அதில் பிரிமியர் லீக் கிளப்புகள் மூன்றாம் சுற்றில்தான் சேரும். நான்-லீக் கிளப்புகள் அதற்கு முன்பே பல சுற்றுகளைத் தாண்டி வர வேண்டும்.

2017இல் நேஷனல் லீக்கில் இருந்த லிங்கன் சிட்டி, பிரிமியர் லீக்கின் பர்ன்லியை 1-0 என்று தோற்கடித்துக் காலிறுதிக்குப் போனது. ஒரு நான்-லீக் கிளப் அவ்வளவு தூரம் சென்றது 103 ஆண்டுகளில் அதுவே முதன்முறை.

2021 ஜனவரியில் எட்டாம் நிலைக் கிளப்பான மரீன், தன் சிறிய திடலில் டாட்டன்ஹமை எதிர்கொண்டது. அந்தத் திடலின் ஒரு பக்கம் வீடுகளின் பின்புறத் தோட்டங்கள்! கொவிட் காரணமாக ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. கிளப் என்ன செய்தது தெரியுமா? நேரில் வர முடியாத ஆட்டத்துக்கு 10 பவுண்டில் 'மெய்நிகர் டிக்கெட்' விற்றது. வழக்கமாகச் சில நூறு பேர் வரும் கிளப்புக்கு 30,000க்கும் மேல் விற்றது. வாங்கியவர்களில் ஏராளமானோர் டாட்டன்ஹம் ரசிகர்கள். ஆட்டத்தில் மரீன் 5-0 என்று தோற்றது. கணக்குப் புத்தகத்தில் ஜெயித்தது.

எல்லாம் இனிப்பான கதைதானா?

இல்லை. நான்-லீக் என்றாலே பாசம், பிரிமியர் லீக் என்றாலே பணம் என்று பிரித்துவிட முடியாது.

சால்ஃபர்டு சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் அது எட்டாம் நிலையில் இருந்தது. மென்செஸ்டர் யுனைட்டட்டின் முன்னாள் நட்சத்திரங்கள் கேரி நெவில், ரயன் கிக்ஸ், பால் ஸ்கோல்ஸ் முதலியோர் அதை வாங்கினார்கள். அதே ஆண்டு பாதிப் பங்கை வாங்கியவர் யார்? சிங்கப்பூர்க் கோடீஸ்வரர் பீட்டர் லிம்! ஐந்து பருவங்களில் நான்கு முறை உயர்ந்து, 2019இல் சால்ஃபர்டு 'ஃபுட்பால் லீக்'கில் நுழைந்தது. "காசு கொடுத்து ஏறிய கிளப்" என்று மற்ற ரசிகர்கள் முணுமுணுத்தார்கள்.

ரெக்ஸமும் அப்படித்தான். வேல்ஸ் நாட்டின் இந்தக் கிளப் 15 ஆண்டு நான்-லீக்கில் கிடந்தது. 2021இல் நடிகர்கள் ரயன் ரெனால்ட்ஸும் ராப் மெக்கெல்ஹென்னியும் வாங்கினார்கள். 2023, 2024, 2025 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து நிலை உயர்வு. இதிலும் கவனிக்க ஒன்று உண்டு. நடிகர்கள் வருவதற்குமுன் சுமார் பத்தாண்டு அந்தக் கிளப்பை வைத்திருந்தவர்கள் ரசிகர்கள். விற்கலாமா வேண்டாமா என்று வாக்களித்து முடிவெடுத்ததும் அவர்களே.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கணுமா?

தேவையில்லை. 2010 முதல் ஆண்டுதோறும் 'நான்-லீக் நாள்' என்று ஒன்று நடக்கிறது. அனைத்துலக ஆட்டங்களுக்காகப் பெரிய லீக்குகள் ஓய்வெடுக்கும் வாரத்தில் அது வரும். "உங்கள் குழுவுக்கு இன்று ஆட்டம் இல்லை. பக்கத்துத் திடலுக்கு வாங்களேன்" என்பதுதான் அழைப்பு. பெரிய கிளப்பின் பருவ டிக்கெட்டைக் காட்டினால் சில இடங்களில் கட்டணச் சலுகையும் உண்டு.

மேற்படிப்புக்காக இங்கிலாந்து போகிறீர்களா? நீங்களும் முயன்று பார்க்கலாம்:

• நீங்கள் இருக்கும் ஊரின் பெயரிலேயே ஒரு கிளப் இருக்க வாய்ப்பு அதிகம். எந்த நிலையில் ஆடுகிறது என்று பாருங்கள்.
• புறப்படுமுன் கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தைப் பாருங்கள். மழையாலும் பனியாலும் ஆட்டம் கடைசி நேரத்தில் ரத்தாவது சகஜம்.
• தடித்த சட்டை, நனையாத காலணி. கூரை இல்லாத பக்கத்தில் நிற்க நேரிடலாம்.
• யாரையும் தெரியாதே என்று தயங்க வேண்டாம். தேநீர் வரிசையில் நின்றாலே பேச்சு ஆரம்பித்துவிடும்.

புதிய ஊரில் நண்பர்கள் இல்லாத மாணவருக்கு இதைவிட மலிவான வழி குறைவு.

சரி, நமக்கு இதில் என்ன?

சிங்கப்பூரில் 'நான்-லீக்' கிடையாது. இங்கே நிலை உயர்வும் இறக்கமும் கொண்ட அந்தப் பெரிய அமைப்பு இல்லை. ஆனால் அதே கேள்வி இங்கேயும் இருக்கிறது. லிவர்பூலின் மாற்று ஆட்டக்காரர் பெயர்வரை தெரிந்த நமக்கு, சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் எத்தனை பேரைத் தெரியும்?

2025 மே மாதம் பீஷான் விளையாட்டரங்கில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டம் நடந்தது. ஆடியது நம் லயன் சிட்டி செய்லர்ஸ். ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜாவிடம் 2-1 என்று தோற்றது. எம்ஆர்டி எடுத்துப் போகக்கூடிய தூரத்தில் ஆசிய அளவிலான ஓர் இறுதியாட்டம்!

சனிக்கிழமை இரவு பிரிமியர் லீக் பார்ப்பதை யாரும் விடச் சொல்லவில்லை. அது இரவு 10 மணிக்குத்தான். உள்ளூர் ஆட்டம் பெரும்பாலும் அதற்குமுன் முடிந்துவிடும். ஒரு மாலை போய்ப் பாருங்கள். அங்கே உங்கள் தலையும் எண்ணிக்கையில் சேரும்.